நான்கு பக்கங்களில் ‘ஹிஸ்டீரியா’

மறுவெளியீடாக வரும் இசைத்தட்டை எடைபோட ஒரு கேள்வி போதும்: பழைய பதிப்பில் கேட்காத எது இதில் கேட்கிறது? வண்ணத் தட்டு, கனத்த அட்டை, கூடுதல் பாடல் எல்லாம் அதற்குப் பிறகுதான். டெஃப் லெப்பர்ட் ரோக் குழுவின் ‘ஹிஸ்டீரியா’ முப்பது ஆண்டு நிறைவையொட்டி 2017-இல் இரட்டை எல்பியாக வந்தது. கோலா கங்சாரில் என் வீட்டில் பழைய எல்பி, பழைய சிடி, பழைய கேசட் மூன்றோடும் அதை ஒப்பிட்டுக் கேட்டேன். கிளாம் மெட்டல் என்றாலே முடியும் மினுக்கும்தான் என்று ஒதுக்குகிறவர்களும், இளமையில் கேட்டது என்பதாலேயே கொண்டாடுகிறவர்களும் இந்தத் தொகுப்புக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் கட்சி.

முதலில் பழைய எல்பி. 1987 ஆகஸ்டில் வந்த தொகுப்பில் 12 பாடல்கள், மொத்தம் 62 நிமிடத்துக்கு மேல். அத்தனையையும் ஒரே தட்டில் அடைத்தார்கள். 33⅓ சுற்றில் ஓடும் எல்பி பக்கத்துக்கு 20 நிமிடம்வரை சிரமமில்லாமல் தாங்கும். 31 நிமிடம் ஏற்றவேண்டுமானால் தடங்களை நெருக்கித்தான் வெட்டவேண்டும். கனமான பாஸ் தடத்தை அகலப்படுத்தும் என்பதால் அதை ஒடுக்கவேண்டும். மொத்த ஒலியளவையும் இறக்கவேண்டும். ஒரு லயத்து வீட்டில் இரண்டு குடும்பத்தைக் குடிவைத்த நெருக்கடி அது. போதாக்குறைக்கு, தட்டின் விளிம்பில் வினாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் தடம் ஊசிக்கடியில் ஓடுகிறது. நடுவை நெருங்கும்போது 20 சென்டிமீட்டர் சொச்சம்தான். நுண்ணிய ஒலிகள் அங்கே கரகரக்கும். முதல் பக்கத்தின் கடைசிப் பாடலான ‘ஆர்மகெடன் இட்’டில் சிம்பலும் கூட்டுக்குரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வருவது அதனால்தான்.

வேறு ரோக் தொகுப்பாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ‘ஹிஸ்டீரியா’வில் முடியாது, ஏனென்றால் அதன் உயிரே அடுக்குகளில் இருக்கிறது. தயாரிப்பாளர் ‘மட்’ லாங்கே, மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’போல ஒவ்வொரு பாடலும் தனித்து வெற்றிபெறக்கூடிய ஒரு ரோக் தொகுப்பைக் குறிவைத்தார். பெரிய ஆம்ப்ளிஃபயர்களை ஒதுக்கிவிட்டு ‘ரோக்மேன்’ என்னும் சின்னஞ்சிறு கருவி வழியாகக் கிதாரைப் பதிந்தார். கூட்டுக்குரல்களைத் திரும்பத் திரும்பப் பாடவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார். 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடக்கையை இழந்த டிரம்மர் ரிக் ஆலன், மின்டிரம்ஸைக் காலால் இயக்கக் கற்றுக்கொண்டு 1986-இல் மேடைக்குத் திரும்பினார்.

‘இயந்திரம் செய்த இசை’ என்று இதைப் பழிப்பவர்கள் உண்டு. ஒலியைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. டிரம்ஸ் ஓசைகள் கணினியில் சேர்த்துவைத்தவைதான். ஆனால் அதைக் குற்றமாகச் சொல்வது தவறு. இங்கே மெருகேற்றம் பாட்டுக்கு மேலே பூசியது அல்ல. பாட்டு கட்டப்பட்டிருப்பதே அதில்தான். ‘ஹிஸ்டீரியா’ என்ற பாடலில் இரண்டு கிதாரும் ஒரே கோர்டை அடிக்காமல் ஆளுக்குச் சில சுரங்களைப் பிரித்துக்கொண்டு நகர்வதைக் கவனித்தால் இது விளங்கும்.

நம் ஊரில் இதை எல்பியில் கேட்டவர்கள் குறைவு. எண்பதுகளின் மலேசியாவில் கேசட்தான் எங்கும் புழங்கியது, கள்ளப் பிரதியும் சேர்த்து. இன்றைய காப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்ததே 1987 டிசம்பர் 1-இல்தான். கேசட்டுக்கு நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆகவே எல்பியில் ஒடுங்கிய பாஸ் தோட்டத்து ரேடியோ கேசட்டில் ஒடுங்காமல் வந்தது. ஆனால் பேராக் ஆற்றோரத்து ஈரக்காற்று நாடாவை விட்டுவைப்பதில்லை. என் பிரதியைத் திறந்து பார்த்தேன்: சுருளின் ஓரமெங்கும் வெள்ளைப் பூஞ்சணம், நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சு இற்றுப்போயிருந்தது. ஓடியபோது குரலுக்கு மேலே இருந்த ஒலிகள் எல்லாம் மங்கிவிட்டன.

இதே ஆண்டுகளில்தான் இங்கே ‘ரோக் கபாக்’ என்னும் மலாய் ரோக் அலை எழுந்தது. ஜொகூர் பாருவில் தொடங்கிய ‘சர்ச்’ குழு 1985-இல் முதல் தொகுப்பையும் 1989-இல் ‘இசபெல்லா’ பாடலையும் தந்தது. 1992-இல் முடி நீண்ட ரோக் பாடகர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம் திரையில் இடமில்லை என்று அரசு தடைபோட்டது. இசையை முடியை வைத்து அளந்த அந்தப் பழக்கம் அந்தத் தடையோடு தொடங்கவுமில்லை, முடியவுமில்லை. அதனால்தான் இந்த வகை இசையின் கட்டுமானத்தைக் காதால் சோதித்து எழுதிய விமர்சனம் நம்மிடையே அரிது.

இப்போது புதிய பதிப்பு. நான்கு பக்கம் என்பதால் பக்கத்துக்குப் பதினாறு நிமிடம் போலத்தான் வருகிறது. ஊசி வைத்ததுமே ‘விமன்’ பாடலின் பாஸ் அகன்று விழுகிறது. ‘ரொக்கெட்’டின் நடுவே சிதறிவரும் குரல் துணுக்குகளை வலம் இடமாகப் பிரித்தறிய முடிகிறது. ‘ஆர்மகெடன் இட்’டின் உரசல் பெருமளவு போய்விட்டது. முதல் கேள்விக்கு விடை, எல்பியைப் பொறுத்தவரை, ஐயமில்லாத ‘ஆம்’.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். இடநெருக்கடி எல்பியின் நோய். 1987-இன் சிடிக்கு அது இல்லை. அந்தச் சிடியில் மெல்லிய இடமும் உரத்த இடமும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. 2017-இன் டிஜிட்டல் பதிப்பு ஒலியை மேலே தூக்கியிருக்கிறது. ‘லவ் பைட்ஸ்’ மெதுவாகத் தொடங்கி வெடிக்கும் இடத்தில் வெடிப்பின் உயரம் குறைந்துபோகிறது. அந்தப் பாட்டின் நாடகமே அந்த ஏற்றத்தில்தான் என்பதால் இது உண்மையான இழப்பு.

இன்னொரு விளைவை மறுவெளியீடு செய்தவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பழைய தட்டின் முதல் பக்கத்து ஆறு பாடல்களும் சிங்கிளாக வந்தவை. இரண்டாம் பக்கத்திலிருந்து வந்தது தலைப்புப் பாடல் மட்டும். ஆகவே பலருக்குத் தொகுப்பு பாதியிலேயே முடிந்துவிட்டது. இப்போது பிற்பாதிக்கும் தனித்தட்டு கிடைத்ததில் இரண்டு உண்மைகள் வெளியே வருகின்றன. ரேகன், தாட்சர் குரல்களோடு முடியும் ‘கோட்ஸ் ஆஃப் வார்’ இந்தத் தொகுப்பின் மிகத் துணிச்சலான பாடல். ஸ்டீவ் கிளார்க்கின் கிதார் அதில் புகைபோல் மெல்லப் படர்ந்து பின் இறுகுகிறது. மறுபுறம், ‘டோன்ட் ஷூட் ஷோட்கன்’, ‘எக்சைட்டபிள்’ இரண்டும் மெருகை மட்டும் நம்பி நிற்பவை. பழைய ஒலிக்குறை அவற்றின் வெறுமையை மறைத்திருந்தது. தெளிவு அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

பெரிய பெட்டிப் பதிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். உபரிப் பாடல்கள், நீட்டிய மிக்ஸ்கள், 1988 டென்வர் மேடைப்பதிவு என்று அதில் நிறைய இருக்கிறது. ஆனால் ஆராய்கிறவனுக்கு வேண்டியது, இன்னொரு தயாரிப்பாளரான ஜிம் ஸ்டைன்மேனுடன் தொடங்கித் தோல்வியில் முடிந்த முதல் பதிவுகள். அவை அதில் இல்லை. அவற்றோடு ஒப்பிட முடிந்தால்தான் லாங்கே எதைச் சாதித்தார் என்பதை அளக்கலாம்.

என் தீர்ப்பு இது. எல்பியில் கேட்கிறவர்கள் பழைய தட்டை விட்டுவிட்டு இரட்டைத் தட்டை வாங்கலாம். இந்த இசைக்கு எல்பியில் உரிய இடம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. 1987-இன் சிடி வைத்திருப்பவர்கள் அதை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். ஒலியின் ஏற்ற இறக்கத்தில் அதை எந்த மறுவெளியீடும் மிஞ்சவில்லை. தொகுப்பைப் பற்றி: பன்னிரண்டில் எட்டுப் பாடல்கள் அந்தக் காலத்து ரோக் இசையின் உச்சத்தில் நிற்பவை, இரண்டு நிரப்பல், மீதி இரண்டு நடுத்தரம். குறையில்லாத தொகுப்பு அல்ல இது; ஆனால் முடியையும் மினுக்கையும் தாண்டிக் கேட்கத் தகுந்த உழைப்பு. அந்த உழைப்பைக் காதுக்கு எட்டவைத்ததே இந்த மறுவெளியீட்டின் தகுதி. அதற்காகவே இதை நான் ஏற்கிறேன்.