லாக்டெப் கத்தினால் வாயை அடைக்கலாமா?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ரயிலுக்கு ஒற்றைப் பாதைதான். ராஜபாளையம் ஸ்டேஷனில் எல்லா லைனிலும் வில்லிபுத்தூர் போகிற வண்டிகள், வில்லிபுத்தூரில் எல்லா லைனிலும் ராஜபாளையம் வருகிற வண்டிகள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியும் நகராது. கையில் இருப்பதை விடாமல் அடுத்தவர் கையில் இருப்பதற்குக் காத்திருப்பது, இதுதான் டெட்லாக்.

லினக்ஸ் கெர்னலில் வண்டிக்குப் பதில் த்ரெட், லைனுக்குப் பதில் லாக். ஒரு த்ரெட் 'அ' லாக்கைப் பிடித்துக்கொண்டு 'ஆ'வைக் கேட்கும். இன்னொன்று 'ஆ'வைப் பிடித்துக்கொண்டு 'அ'வைக் கேட்கும். ரயில் இரண்டு திசையிலும் ஓடியே ஆகணும். கெர்னலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை: "எல்லாரும் 'அ'வை முதலில் எடுங்க"ன்னு வரிசை வைத்துவிடலாம். அந்த வரிசை மீறப்படுகிறதா என்று கவனிக்க இங்கோ மோல்னார் எழுதிய லாக்டெப், 2006-ல் 2.6.18 பதிப்பில் சேர்ந்தது.

இதன் பெரிய பலம், மெஷின் உறையும் வரை காத்திருக்காதது. காலையில் ஒரு த்ரெட் 'அ, ஆ' என்று எடுத்துவிட்டுப் போயிருக்கும். சாயங்காலம் இன்னொன்று 'ஆ, அ' என்று எடுத்தாலே எச்சரிக்கை வந்துவிடும். "எங்க மெஷின் ஒருநாளும் நிக்கலையே" என்பது இதற்குப் பதில் ஆகாது.

குறைகளும் இருக்கு. ஓடாத கோடு அதன் கண்ணில் படாது. முதல் எச்சரிக்கை கொடுத்ததும் தன்னை அணைத்துக்கொள்ளும். அடுத்த பிழை தெரிய ரீபூட் செய்யணும். லாக்குகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் வகையாகப் பார்ப்பதால், தாய் டைரக்டரி லாக்கோடு பிள்ளை டைரக்டரி லாக்கை எடுத்தால்கூட, ஒரே லாக்கை இரண்டு தடவை எடுத்ததாக நினைக்கும். இரண்டு பாதைக்கும் மேலே பொதுவாக ஒரு லாக் இருந்து அவை மோத வழியே இல்லாவிட்டாலும், அதற்கு அது புரியாது.

ஆகவே, எச்சரிக்கை வந்தால் மூன்று கேள்விகள். இரண்டு பாதையும் ஒரே நேரத்தில் ஓடுமா? பிடிபட்டவை நிஜமாகவே அதே லாக்குகள்தானா? மேலே பொது லாக் இருக்கா?

இதைக் கேட்காமல், 'இது வேறு வகை' என்று குறிப்புப் போட்டு வாயை அடைக்கும் பழக்கம்தான் ஆபத்து. டைரக்டரிகளுக்கு அந்தக் குறிப்பு நியாயம். தாய் முதலில், பிள்ளை பிறகு என்று எழுதிவைத்த விதி இருக்கு. விதியே இல்லாத இடத்தில் போட்டால், பிழை அங்கேயேதான் இருக்கும். சொல்ல ஆள்தான் இருக்காது. ஏன் மோதாது என்று ஒரு வரி எழுத முடியவில்லையா, லாக்டெப் சொல்வது சரி என்றே வைத்துக்கொண்டு கோடைத் திருத்துங்கள்.