மென்பொருளும் ஒரு மூலப்படி: கல்வெட்டுக் கணக்காய்வில் மீளுருவாக்கம்

முன்னுரை

கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றியபோது 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தாம் ஒப்பிட்ட சுவடிகளையும் அவற்றை உதவியோரையும் தம் பதிப்புகளில் பதிவுசெய்தார். இன்றைய கணினிவழி ஆய்வுகள் பலவோ ‘பைத்தான் கொண்டு கணக்கிடப்பட்டது’ என்ற அளவில் நின்றுவிடுகின்றன. இது போதாது என்பதையும், நிக்ஸ், கீக்ஸ் ஆகிய மென்பொருள் தொகுப்பு மேலாளர்கள் இக்குறையை எவ்வளவு தீர்க்கும் என்பதையும் இக்கட்டுரை தஞ்சைக் கல்வெட்டுகளை முன்வைத்து ஆராய்கிறது.

ஒரே நிரல், இரு விடைகள்

முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் ஊர்களின் நிலத்தை வேலியிலும் அதன் பின்னங்களிலும் கூறி, அவை செலுத்தவேண்டிய காணிக்கடன் நெல்லையும் குறிக்கின்றன. மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இப்பின்னக் குறிகளும், நெல், குறுணி, பதக்கு முதலியவற்றின் குறிகளும் 2019இல் வெளிவந்த யுனிகோடு 12.0இல்தான் இடம்பெற்றன. பைத்தான் 3.7 தன்னுள் யுனிகோடு 11.0 அட்டவணையைக் கொண்டது, 3.8 கொண்டிருப்பது 12.1. ஆதலின் முந்திரிக் குறியின் மதிப்பைப் பிந்தையது 1/320 எனத் தரும். முந்தையது அதனை ஒதுக்கப்படாத இடமாகவே கருதும். மதிப்பற்ற குறியைச் சுழியமாகக் கொள்ளுமாறு எழுதப்பட்ட நிரலில் பிழைச்செய்தியும் தோன்றாது. நிலத்தின் கூட்டுத்தொகை மட்டும் குறையும். கால், அரை, முக்கால் குறிகளும் இவற்றோடு சேர்ந்தவையே ஆதலின் இழப்பு சிறிதன்று. அத்தொகையால் காணிக்கடனை வகுக்கும் ஆய்வு, சோழர்கால வரிச்சுமையை உள்ளதினும் மிகுத்துக் காட்டும்.

தீர்வும் எல்லையும்

நூலகங்களின் பதிப்பெண்களைப் பட்டியலிடும் வழக்கம் இங்கு உதவாது. அட்டவணை பைத்தானுக்குள்ளேயே உள்ளது. ஏல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வேட்டில் விளக்கிய நிக்ஸும், அக்கோட்பாட்டைத் தழுவி 2012இல் குனு திட்டத்தில் அறிமுகமான கீக்ஸும் ஒவ்வொரு மென்பொருளையும் அதன் உள்ளீடுகள் அனைத்திலிருந்தும் கணக்கிட்ட அடையாளக் குறியுடன் தனிக் கோப்புறையில் வைக்கின்றன. ஆகவே 3.7உம் 3.8உம் ஒரே கணினியில் மோதலின்றி இருக்கும். கீக்ஸில் தேவையான மென்பொருள்களின் பட்டியலும், தொகுப்பு வரையறைகளின் குறித்த நிலையைச் சுட்டும் கோப்பும் இருந்தால் பிறிதோர் ஆய்வாளர் அதே சூழலை மீண்டும் அமைக்கலாம். கணினி ஆய்வகப் பொறுப்பாளர் ஒருமுறை நிறுவிவிட்டால், மாணவர் ஒவ்வொருவரும் நிர்வாக உரிமையின்றியே தமக்குரிய சூழலை அமைக்கவும் முந்தைய நிலைக்குத் திரும்பவும் இயலும்.

எல்லைகளும் உள. கீக்ஸுக்கு லினக்ஸ் வேண்டும்; வட்டில் இடம் மிகுதியாகத் தேவைப்படும்; கட்டற்றவை அல்லாத மென்பொருள்களுக்கு அதன் அதிகாரபூர்வத் தொகுப்பில் இடமில்லை. கல்வெட்டைப் படியெடுத்ததில் நேர்ந்த பிழையை அது திருத்தாது. 3.7இல் பிறந்த தவறான தொகையையும் அவ்வாறே மீண்டும் தரும். எனினும் அத்தவறு எங்கே பிறந்தது என்று பிறர் கண்டறிய வழி இருக்கும். இன்று அவ்வழியும் இல்லை.

முடிவுரை

கணக்கீட்டை அடிப்படையாகக் கொண்ட கட்டுரைகளோடு தரவு, நிரல், மேற்கூறிய இரு கோப்புகள் ஆகியவற்றையும் இணைக்குமாறு ஆய்விதழ்களும் நெறியாளர்களும் கோரவேண்டும். சுவடி விவரம் இல்லாத பதிப்பை ஏற்கத் தயங்கும் நாம், சூழல் விவரம் இல்லாத கணக்கையும் அவ்வாறே மதிப்பிடுதல் பொருந்தும்.