பெயர் வெட்டின கல்

பீமா கோரேகாவ் தூணைப் பற்றி நம்ம வட்டாரத்துல பேச்சு நிறைய. தூணைப் பார்த்துப் பேசினது கம்மி. "வெள்ளைக்காரன் வச்ச கல்லுக்கு மாலை போடுறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கேட்கிறான் தேசியவாதி. "அது நம்ம வெற்றித்தூண், அதுக்கு மேல என்ன பேச்சு?" என்கிறார் நம் தோழர். இரண்டு பேரும் கல்லைப் படிக்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

பூனாவுக்கு வடகிழக்கே, பீமா ஆற்றங்கரையில் நிற்கிறது அது. கீழே சதுர மேடை. அதன் மேல் நாலு பக்கமும் குறுகிக்கொண்டே போகும் கல்தூண், 60 அடிக்கு மேல் உயரம். எகிப்தில் பிறந்த வடிவம். ரோமாபுரிக்காரன் அதைத் தூக்கிக்கொண்டு போனான். பிற்பாடு ஐரோப்பியப் பேரரசுகள் தங்கள் அதிகாரத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டன. சண்டை நடந்தது 1818 ஜனவரி 1. தூணுக்கு அடிக்கல் போட்டது 1821 மார்ச் 26. பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற கேப்டன் ஸ்டான்டனின் உறுதியைத்தான் கல்வெட்டு முதலில் புகழ்கிறது. படையாட்களின் வீரம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. சாதி பற்றி ஒரு எழுத்து இல்லை. போனவர்களும் சம்பளத்துக்கும் சோத்துக்கும் போனவர்கள்தான். இதை மறைத்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அப்படியானால் நமக்கு அங்கே என்ன வேலை? அதற்குப் பதில் தூணின் அமைப்பிலேயே இருக்கிறது. தக்காணத்தின் பழைய வீரக்கற்கள், நம்மூர் நடுகல் மாதிரியே, வீரனின் உருவத்தைச் செதுக்கும். இந்தத் தூணில் மனித உருவம் கிடையாது. ஸ்டான்டனைக் குதிரைமேல் ஏற்றிச் சிலையாக வைத்திருந்தால், பார்க்கிறவன் கண் அங்கேயே நின்றிருக்கும். உருவம் இல்லாததால் கண் எழுத்துக்குப் போகிறது. பலகையில் செத்தவர்களின் பெயர்கள், 49 பேர். அதில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. அது மகர்களின் பெயர் முடிவு. மற்றவர்களில் மராத்தர், ராஜபுத்திரர், முஸ்லிம் எல்லாம் உண்டு. ஊரில் ஒரே பந்தியில் உட்கார முடியாதவர்கள் ஒரே கல்லில் இருக்கிறார்கள்.

இதன் கனம் தெரியணும்னா பேஷ்வா ஆட்சியை நினைக்கணும். பூனாவில் தீண்டப்படாதவன் எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் மண்சட்டி கட்டணும், நடந்த காலடியை அழிக்க இடுப்பில் துடைப்பம் கட்டணும் என்றிருந்ததை அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதியிருக்கிறார். மண்ணில் காலடி பதியக் கூடாதவனின் பேர் கல்லில் பதிந்துவிட்டது. கட்டினவன் நினைக்காத அர்த்தம் இது. கட்டினவன் நினைப்பு மட்டும்தான் கட்டடத்தின் அர்த்தம் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வெள்ளைக்காரன் நன்றி மறந்த கதையும் உண்டு. 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை நிறுத்தினான். தூண் நின்றது, வேலை போச்சு. அப்போதிருந்துதான் அந்தக் கல் நம் கைக்கு வருகிறது. "எங்க ஆளுங்க பேரு அங்க இருக்கு, பாரு" என்று காட்டும் சாட்சியாகிறது. 1910இல் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே பட்டாளத்தில் இடம் கேட்டு மனு அனுப்பினார். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் தூணடிக்கு வந்தார். 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவானபோது அதன் சின்னத்தில் இந்தத் தூணே இருந்தது. நாடு விடுதலையானதும் எடுத்துவிட்டார்கள். 2018 ஜனவரி 1, இருநூறாம் ஆண்டு நாளில், அங்கே கூடிய சனங்கள் மேல் கல்லெறிந்தார்கள். வெறும் காலனியச் சின்னம் என்றால் அதைப் பார்க்க வருகிறவன் மேல் இவ்வளவு ஆத்திரம் எதுக்கு?

ஆனால் நம்மிடமும் ஒரு கோளாறு. நான் பார்த்த நம் சுவரொட்டிகளில் தூண் வானத்தை முட்டுகிறது. பெயர்ப்பலகை கண்ணுக்கே தெரிவதில்லை. உயரம் கம்பெனிக்காரனின் பெருமை. அதை அப்படியே வாங்கி நாம் ஏன் சுமக்கணும்? நம் பங்கு கீழே, ஆள் நின்று படிக்கிற மட்டத்தில் இருக்கிறது. நாளைக்கு நாம் நம்மவர்களுக்குக் கல் நடும்போது எத்தனை அடி உயரம் என்று கேட்க வேண்டாம். எத்தனை பேரின் பெயர் இருக்கு, யார் பெயர் விட்டுப்போச்சு என்று கேட்போம்.