இலைக்குள் கட்டிய பசையரிசி

சீனர்களின் ஐந்தாம் சந்திர மாதத்து ஐந்தாம் நாள் டிராகன் படகுத் திருவிழா. அன்றைக்குச் சோங்ஸி இல்லாமல் முடியாது: ஊறவைத்த பசையரிசியை மூங்கில் இலையில் கூம்பாக மடித்து, நூலால் இறுக்கிக் கட்டி வேகவைப்பது. பெய்ஜிங் பக்கம் உள்ளே உலர்ந்த இலந்தை, இனிப்பு. கிழக்குச் சீனாவின் ஜியாஷிங் நகரில் சோயா சாறு ஊறிய பன்றி இறைச்சி. தைவானில் ஒரே தீவுக்குள் இரண்டு கட்சி: வடக்கே அரிசியை வதக்கி ஆவியில் வைப்பார்கள், தெற்கே நிலக்கடலை சேர்த்து நீரில் கொதிக்கவிடுவார்கள்.

என் மனம் நிற்பது மலேசியாவின் மலாக்காவில், அங்கே குடியேறிய சீனர்களின் வழிவந்த பெரனாக்கன் மக்களின் அடுக்களையில்தான். அரிசியின் ஒரு பகுதிக்குச் சங்குப்பூவின் நீலம். உள்ளே கொத்தமல்லித் தூள் மணக்கும் இறைச்சியும், பாகில் ஊறிய நீர்ப்பூசணியும். குடியேறிய மண்ணின் வாசனையைத் தயங்காமல் சேர்த்துக்கொண்ட கை அது. சோங்ஸி வகைகளில் அதுவே பேரழகு என்பேன். மலாக்கா போனால் சூடு ஆறுமுன் கட்டை அவிழ்த்துச் சாப்பிடுங்கள்.