நீலம் அடிக்கும் கல்

கோவை சரவணம்பட்டியின் கணினி நிறுவனங்களில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்கள், ஒரு கைபேசி வாங்குவதற்கு வாரக்கணக்கில் ஆராய்ச்சி செய்யக் கூடியவர்கள், வைரம் என்றதும் ‘அதெல்லாம் நமக்கு ஆகாதுங்க’ என்று கும்பிட்டுவிட்டுத் தங்கக் காசின் பக்கம் நகர்ந்துவிடுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு விசனத்தைவிடக் கோபமே மிகுதியாக வருகிறது.

அடிப்படைகளை அரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். தங்கத்தின் காரட் வேறு. நிறத்துக்கு ‘டி’ முதல் ‘இசட்’ வரை எழுத்துகள். முதலாவது நிறமற்றது, பின்னே போகப்போக மஞ்சள். குற்றங்களைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் பார்ப்பார்கள். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையே ரேகை, விந்து, களங்கம், காகபாதம் என்று வைரத்தின் தோஷங்களைக் கணக்கிட்டிருக்க, இதை நேற்று வந்த சாஸ்திரம் என்று மிரளுவானேன்? பட்டை தீட்டியதில் அடிப்பாகத்தின் கோணம் தப்பினால் ஒளி கீழே கசிந்துவிடும். மற்ற மூன்றும் உயர்வாயிருந்தும் பிரயோஜனமில்லை. அவ்வளவுதான்.

இனி ப்ளூ ஜாகர் வைரத்துக்கு வருகிறேன். நம் பாட்டிமார்களின் ஏழுகல் தோட்டிலும் மூக்குத்தியிலும் குடியிருந்த இந்தப் பெயர், தென்னாப்பிரிக்காவில் 1870-இல் வைரம் கண்டெடுக்கப்பட்டு, 1893-இல் 995 காரட் எடையுள்ள எக்ஸெல்ஸியரை ஈந்து, 1971-இல் மூடப்பட்ட ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயர். இன்றோ நீலம் அடிக்கும் கல் எதுவானாலும் அந்தப் பெயரிலேயே விலைபோகிறது. சூரிய வெளிச்சத்திலுள்ள புறஊதாக் கதிர் பட்டதும் சில வைரங்கள் தாமே நீல ஒளி வீசும். நான் வற்புறுத்தும் பேதம் இங்கேதான் இருக்கிறது. நீலம் எழும்போது கல்லின் தெளிவு குலையாமல், உள்ளிருந்த மெல்லிய மஞ்சளும் மறைந்து வெண்மை கூடுமானால் அது உத்தமமான கல். நீலத்தோடு பாலாடை படர்ந்தாற்போல் மங்கல் ஏறுமானால் அதை அக்கணமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகப் பாவித்து, சான்றிதழில் ‘ஸ்ட்ராங் ப்ளூ’ என்றிருந்தால் முகம் சுளிக்கும் நவீன நிபுணர்கள் கல்லைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் படிக்கிறார்கள். அமெரிக்க ரத்தினவியல் கழகமே 1997-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண ஜனங்களின் கண்ணுக்கு அந்த நீலத்தால் கல்லின் தோற்றத்தில் வித்தியாசம் ஏதும் புலப்படவில்லை.

உங்களுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்கிறேன்: இந்த அசட்டுப் பயத்தினால்தான் நீலமுள்ள நிறமற்ற கற்கள் பெரும்பாலும் சற்று மலிவாகக் கிடைக்கின்றன, பயம் தெளிவதற்குள் வாங்கிவிடுங்கள். கடையின் விளக்குகளில் எந்தக் கல்லும் ஜொலிக்கும், நீலமோ பெரும்பாலும் தெரியவே தெரியாது. அடியை மூடிக் கட்டிய தங்கமும் பாதிக் குறையை மறைத்துவிடும். ஆகவே ராஜ வீதியானாலும் கிராஸ்கட் ரோடானாலும் பொழுது சாய்வதற்குள் போய், பதிக்காத உதிரிக் கல்லாகக் கேட்டு வாங்கி, வாசலுக்கு வெளியே நிழலில் ஒருமுறையும் வெயிலில் ஒருமுறையும் வைத்துப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடைக்காரர் எத்தனை தள்ளுபடி தந்தாலும் அவரிடம் வாங்க வேண்டாம்.