காற்றுக்கு ஊற்றும் டீசல்

ஃபோர்டு எண்டேவர் 2.0 டீசல், பத்து கியர் ஆட்டோமேட்டிக். மற்ற விவரமெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்த பிறகும், மறைமலைநகரில் தயாரான இந்த வண்டியைத் தேடிப்பிடித்து வாங்குகிற கூட்டத்தில் நானும் ஒருவன். நடுநிலையான தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

எங்கள் ஊரான பொட்டிப்புரத்திலிருந்து போடி, தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மதுரை. மாதக்கணக்காக இந்த ரோட்டில்தான் ஓட்டுகிறேன். பத்தாவது கியர் விழுந்துவிட்டால் இன்ஜின் ஓடுவதே தெரியாது. ஆனால் ஆடி மாதத்தில் ஒரு வேடிக்கை. மதுரைக்குப் போகும்போது லிட்டருக்குப் பதினைந்தைத் தாண்டும். அதே 80 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் பதினொன்றைத் தொடவே திணறும். மதுரை பள்ளம், நம்ம பக்கம் மேடு என்பது சரிதான். அந்த மேடு தை மாதத்திலும் இருக்கிறதே? அப்போது இவ்வளவு குடிப்பதில்லை.

குடிப்பது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியாகப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் அதை நம்பித்தான். எங்கள் ஊர் அம்பரப்பர் மலைக்கு அடியில் பிடிக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ என்ற நுண்துகள், ஒரு கிலோமீட்டர் பாறையைக்கூட சட்டை செய்யாமல் ஊடுருவிப் போகும். இந்த வண்டிக்கோ வெறும் காற்றே பாறை. ஆறடி உயரம், அதற்குச் சற்றும் குறையாத அகலம், முகப்பும் செங்குத்து.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-ல் போகிறீர்கள், எதிர்க்காற்று 30 என்றால், வண்டிக்கு அது 110. பின்காற்று 30 என்றால் 50 மட்டுமே. இரண்டுக்கும் நடுவே தடையில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வித்தியாசம்! எதிர்க்காற்றில் 100-ல் போகிறவர் 80-க்கு இறங்கினால், காற்றுக்குக் கொடுக்கும் டீசலில் கால்பங்குக்கு மேல் மிச்சம். மதுரையிலிருந்து வீடு வர அரைமணி நேரம்கூடக் கூடுதலாக ஆகாது.

இதை விட்டுவிட்டு, நம் ஆட்கள் ஒரு பக்கம் வீணாக்கி, தவறான இடத்தில் சிக்கனம் பிடிக்கிறார்கள். சபரிமலை சீசனுக்கு மாட்டிய மேல் கேரியர் சித்திரை வரை காலியாகவே ஊர்சுற்றும். கழற்றுங்கள் ஐயா! டயரில் காற்று பார்ப்பது பஞ்சர் ஆனால்தான். எல்லாவற்றையும் விட எரிச்சல், போடிமெட்டு இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் விடுவது. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய டீசல் இன்ஜின் டீசல் ஊற்றுவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு ஊற்ற வேண்டும். இன்ஜின் பிடிப்பும் போய், பிரேக் சூடேறுவது தனி.

எந்த வண்டியானாலும் திரையில் காட்டும் மைலேஜை நம்பாதீர்கள். டேங்க் நிரப்பி, போய் வந்து, அதே பங்கில் மறுபடி நிரப்பி வகுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தால் என் வண்டி பன்னிரண்டரை, பதின்மூன்று. இரண்டேகால் டன் வண்டிக்கு இது கௌரவமான கணக்கு.

செகண்ட் ஹேண்டில் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. விற்பவர் "பதினைந்து குடுக்கும்" என்று அடித்துச் சொன்னால் பொய் என்று சண்டைக்குப் போகாதீர்கள். எந்த மாசம், எந்தப் பக்கமாகப் போனீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு, விலையைப் பேசுங்கள்.