முதல் மணி நேரத்துக்குப் பிறகு

தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99க்கு மேல் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் இங்கே 60 சதவீதம். நாடு முழுவதற்குமான சராசரி 42தான். ஆனால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடிப்பதில் கணக்கு தலைகீழாகிறது. நாட்டின் சராசரி 64ஐ ஒட்டி நிற்க, தமிழ்நாடு 55இல் நின்றுவிட்டது. தாய்ப்பாலுக்காகச் செவிலியர்கள் இத்தனை ஆண்டுகள் உழைத்ததன் பலமும் பலவீனமும் இந்த இரண்டு கணக்கிலேயே தெரிகின்றன.

பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தருமபுரி மாவட்டத்துக் கடத்தூர் போன்ற ஊர்களில் பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் 'சேனை' வழக்கமும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கமும் பின்வாங்கியது சுவரொட்டிகளால் மட்டுமல்ல. பிரசவ அறையில் நின்ற செவிலியர் குழந்தையைத் துடைத்து, தாயின் வெறும் மார்மேல் போட்டு, துணி போர்த்தி, வெளியே காத்திருக்கும் பாட்டிக்கும் பொறுமையாக எடுத்துச் சொன்னதால் நடந்தது அது. பால் கொடுக்கக் கற்றுத்தருவது கைவேலை. குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு வலிக்கும், பாலும் சரியாக வராது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, முகவாய் மார்பில் பதிய வேண்டும். அனுபவமுள்ள செவிலியர் குழந்தையின் தலையைப் பிடித்து அழுத்தமாட்டார். முதுகையும் தோளையும் தாங்கிக்கொண்டு, "பொறும்மா, வாய நல்லாத் தொறக்கட்டும்... ம், இப்ப வை" என்பார். இதை எந்தக் கையேடும் கற்றுத்தந்துவிடாது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பால் பெருகி மார்பு கட்டிக்கொள்வதோ மூன்றாம், நான்காம் நாளில். அந்த இரவில் குழந்தை விடாமல் அழும். "பால் பத்தல" என்று வீடே தீர்ப்புச் சொல்லும். காலையில் மருந்துக்கடையிலிருந்து பால்மாவு டப்பா வந்து சேரும். புட்டிப்பால் குடித்த குழந்தை மார்பில் குறைவாக உறிஞ்சும்; உறிஞ்சக் குறைந்தால் சுரப்பும் குறையும். கடைசியில் அந்தத் தீர்ப்பு உண்மையாகவே ஆகிவிடுகிறது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குமேல் சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டதா என்று பார்த்தாலே பால் போதுகிறதா இல்லையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைப் பார்த்துச் சொல்ல அந்த நேரத்தில் அந்த வீட்டில் ஆள் வேண்டும்.

ஆள் இல்லாமல் இல்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கொரு கிராம சுகாதாரச் செவிலியர் என்பது விதி. ஆனால் கர்ப்பப் பதிவு, தடுப்பூசி, மகப்பேறு உதவித்தொகைக்கான விவரங்கள், இணையத்தில் ஏற்ற வேண்டிய கணக்குகள் எல்லாமே அவர் தலையில்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால், புகுந்த ஊரில் மாதாமாதம் பார்த்த செவிலியர் ஒருவர், பிள்ளை பெற்ற பின் பார்க்க வேண்டியவர் வேறொருவர். பழகிய முகம் தேவைப்படும் வாரத்தில் புது முகம் வருகிறது. பதிவேட்டில் 'தாய்ப்பால் அறிவுரை வழங்கப்பட்டது' என்று ஏறிவிட்டால் போதும், குழந்தை பால் குடித்ததா என்று யாரும் கேட்பதில்லை. இதைச் செவிலியரின் குறையாக நான் கருதவில்லை. அவருடைய உழைப்பை அளக்கும் முறையே தவறு.

செவிலியர்களிடமே சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. "எல்லாத் தாய்க்கும் பால் வரும்" என்று அழுத்திச் சொல்வது பலருக்குத் தெம்பு தரும், சிலரைக் குற்றவாளியாக்கும். பிரசவத்தில் அதிக ரத்தம் போனவர்களுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் பால் உண்மையிலேயே குறையலாம். எடை குறைந்த குழந்தை உறிஞ்சும்போதே களைத்துத் தூங்கிவிடும். 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, எடைக் குறைவும் குறைமாதப் பிறப்பும் மாநிலம் முழுக்கப் பேசப்பட்டன. அப்படிப்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டச் சொல்லித்தர வேண்டும். எடை ஏறவில்லையென்றால் தயங்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தாய்ப்பாலுக்காக வாதாடுகிறவருக்கு அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு எல்லை வயலில் இருக்கிறது. 2017 சட்டத் திருத்தப்படி நிறுவன ஊழியருக்கு 26 வார விடுப்பு. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். மரவள்ளிக் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் கூலிக்குப் போகும் கடத்தூர்ப் பெண்ணுக்கு இரண்டுமே கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் அவருக்கு 18,000 ரூபாய் உண்டு, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து. ஆறு மாதத்துக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய். நூறுநாள் வேலையின் அறிவிக்கப்பட்ட கூலியே 2024இல் 300ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கைத் தாயிடம் போட்டுக் காட்டிப் பயனில்லை. கிராமசபையிலும் மாவட்ட ஆய்வுக் கூட்டத்திலும் எடுத்துவைக்கச் செவிலியருக்கு இடம் கொடுக்க வேண்டும். செவிலியர் நான்காம் நாள் தாயின் வீட்டுக்குப் போவதைக் கட்டாயமாக்கி, இணையப் பதிவு வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும்.